ஆடிக் கற்கும் எதிர்ச்சொற்கள்

கோயில் மண்டபத்தின் ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபெறும் சிறுவர் தமிழ் வகுப்பில் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். 4 வயது முதல் 7 வயது வரையிலான குழந்தைகள் வருகிறார்கள். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தன் பேரனை அழைத்துச் செல்ல ஒரு மூதாட்டி வந்திருந்தார். பையன் தன் நண்பனிடம் அவரைக் காட்டி, "இது என்னோட பழைய பாட்டி" என்று பெருமையாகச் சொன்னான்.

அந்த அம்மாவின் முகம் சற்றே வாடியது. உடனே சமாளித்துக்கொண்டு, "ஆமாய்யா, பழசுதான். கடையில புதுசு வாங்கிக்கப் போறியா?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இரண்டு பாட்டிமார். இவர் இருவரில் மூத்தவர். அதைத்தான் அவன் சொல்ல வந்தான். "பழைய – புதிய" என்ற இணையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். முந்தைய வாரம் நான் கொடுத்த எதிர்ச்சொல் தாளில் அவன் 20க்கு 20 வாங்கியிருந்தான்.

அன்று இரவு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆங்கிலத்தில் 'ஓல்ட்' என்ற ஒரே சொல் செருப்புக்கும் பொருந்தும், பாட்டிக்கும் பொருந்தும். தமிழில் அப்படியில்லை. பொருளுக்குப் பழையது, புதியது. மனிதருக்கு முதியவர், இளையவர். உடன்பிறப்புக்கு மூத்தவர், இளையவர். ஆங்கிலத்தில் சிந்திக்கும் குழந்தை தன்னிடம் உள்ள ஓர் ஆணியில் நாம் கொடுக்கும் தமிழ்ச் சொல்லை மாட்டி வைத்துக்கொள்கிறது. அந்த ஆணி எந்த இடத்தில் அடிக்கப்பட்டது என்று நாம் பார்ப்பதில்லை. 'ரைட்' என்பது வலமும் ஆகும், சரியும் ஆகும். ஆகவே "சரி என்பதன் எதிர்ச்சொல் என்ன?" என்று கேட்டால் "இடது" என்று பதில் வரும். 'லைட்' என்றால் ஒளியும் உண்டு, இலேசும் உண்டு. 'ஹாட்' என்றால் சூடும் உண்டு, காரமும் உண்டு. சாம்பார் சூடாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து "காரம்" என்று அழுத குழந்தைக்குத் தாயார் தண்ணீர் கொடுத்ததையும், அது இன்னும் பலமாக அழுததையும் அன்னதானக் கூடத்தில் கண்டிருக்கிறேன்.

நம் குழந்தைகளைக் குறை சொல்வதற்கில்லை. 2020ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலமே என்று இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குறிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ் இந்நாட்டின் 4 அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று, பள்ளியில் பாடமாக உண்டு, தேர்வும் உண்டு. ஆனால் சொல்லைத் தாளில் சந்திப்பதற்கு முன் கையாலும் காலாலும் சந்திக்கும் வாய்ப்பு பல பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் அந்த வாய்ப்பை வீட்டுத் திண்ணையும் தெருவும் கொடுத்தன. இப்போது நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

தாளை ஒதுக்கிவிட்டு ஆட்டத்திற்கு வந்தேன். இதில் நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கட்டளையைக் கேட்டு உடலால் செய்துகாட்டும்போது மொழி பதிகிறது என்ற முறையை அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே விளக்கினார். அவருக்கும் முன்பே, மரியா மாண்டிசோரி அம்மையார் தொடுபொருள்களைக் கொண்டு இதைச் செய்தவர். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவருடைய சாதனங்களில் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரையிலான 10 கனசதுரங்கள் உண்டு. பெரியது, சிறியது என்று பெயர் சொல்லத் தொடங்கும்போது பத்தையும் ஒன்றாகக் கொட்டுவதில்லை. மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் மட்டும் எடுத்து வைக்க வேண்டும். முதலில் "இது பெரியது, இது சிறியது" என்று நாம் சொல்வது. அடுத்து "பெரியதை எடு, சிறியதை என் கையில் வை" என்று பலமுறை செய்ய வைப்பது. கடைசியில்தான் "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்பது. நாமோ பெரும்பாலும் மூன்றாவது படியில் ஏறி நின்றுகொண்டு, "சொல்லு, சொல்லு, பெரியதுக்கு எதிர்ச்சொல் சொல்லு" என்று குழந்தையை அதட்டுகிறோம். நடுப்படிதான் முக்கியம். அங்கே குழந்தை வாய் திறக்க வேண்டியதில்லை; செய்தால் போதும். வீட்டில் கனசதுரம் இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டப்பாக்கள் போதும்.

நம் ஆட்டங்களே போதும்

எதிர்ச்சொல்லுக்கென்று விளையாட்டுகளைத் தேடி அலைந்தபோது, நான் சிறுமியாக ஆடிய ஆட்டங்களின் பெயர்களே இணை இணையாக இருப்பதைக் கவனித்தேன். குளம் – கரை. கல்லா மண்ணா. ஒற்றையா இரட்டையா.

குளம் – கரை ஆட்டத்திற்கு ஒரு கயிறு போதும். தரையில் வட்டமாக இட்டு, "குளம்" என்றால் உள்ளே குதிக்க வேண்டும், "கரை" என்றால் வெளியே குதிக்க வேண்டும். நான்கைந்து முறை ஆனதும் "குளம், குளம்" என்று ஏமாற்றலாம். பழக்கத்தில் வெளியே குதித்தவன் ஆட்டம் இழப்பான். பிறகு குளம், கரை என்ற சொற்களை விட்டுவிட்டு "உள்ளே", "வெளியே" என்று மாற்றுவேன். உள்ளே நிற்பவன் "நனைஞ்சுட்டேன்" என்றும் வெளியே நிற்பவன் "காஞ்சு போச்சு" என்றும் கத்துவான். ஒரே கயிற்றில் மூன்று இணைகள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாக் குழந்தைகளும் சரியாகக் குதிப்பதைப் பார்த்து நான் பல வாரங்கள் மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மூன்று பேர் சொல்லைக் கேட்டுக் குதித்தார்கள், மற்றவர்கள் அந்த மூவரைப் பார்த்துக் குதித்தார்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு குதிக்கச் சொல்கிறேன். அல்லது நான் ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்துகாட்டுகிறேன். என் காலைப் பார்த்தவன் மாட்டிக்கொள்வான், என் வாயைக் கேட்டவன் தப்பிப்பான்.

கல்லா மண்ணா ஆட்டத்தை அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலேயே ஆடலாம். திட்டு கல், தரை மண். ஏறு – இறங்கு, மேலே – கீழே, மேடு – பள்ளம் எல்லாம் மூச்சு வாங்க வாங்கப் பதிந்துவிடும். ஒற்றையா இரட்டையா ஆட நாங்கள் புளியங்கொட்டை வைத்திருந்தோம். இங்கே சாகா மரத்தடியில் கிடக்கும் சிவப்பு விதைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆனைக்குன்றிமணி, மஞ்சாடி என்றெல்லாம் நம்மவர்கள் சொல்வது அதைத்தான். ஒரு எச்சரிக்கை: கறுப்புக் கண் கொண்ட சிறிய குன்றிமணி வேறு; அது நஞ்சு. அதைத் தொடவே விடக்கூடாது. வாயில் போடும் வயதுப் பிள்ளைகளிடம் எந்த விதையையும் கொடுக்க வேண்டாம்.

உயரத்தைக் கற்பிக்க மூன்று குழந்தைகளை நிறுத்துவேன். நெட்டையன் யார், குட்டையன் யார் என்பதில் சிக்கல் இல்லை. நடுவில் நிற்பவன்? இந்தப் பக்கத்துப் பையனைவிட உயரம், அந்தப் பக்கத்துப் பையனைவிடக் குட்டை. "நான் ரெண்டுமா டீச்சர்?" என்று அவன் கேட்கும்போது அவன் முகத்தில் தெரியும் வியப்பைப் பார்க்க வேண்டும். "பெரியது இல்லை" என்றால் "சிறியது" என்று பொருளாகிவிடாது என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. கதவுக்கும் இப்படித்தான்: திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒருக்களித்திருக்கிறது. அந்தச் சொல் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கழிப்பறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு ஓடி வந்து என்னிடம் சொல்கிறார்கள்.

வலமும் இடமும்

பெரியவர்களையே தடுமாற வைக்கும் இணை இது. ஆசிரியர் குழந்தைகளை நோக்கி நின்று வலக்கையைத் தூக்கினால் எதிரிலுள்ள குழந்தை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடக்கையைத் தூக்கும். ஆகவே நான் அவர்களுக்கு முதுகு காட்டித்தான் நிற்பேன்.

இந்த இணைக்குக் கோயிலைவிடச் சிறந்த வகுப்பறை ஏது? பிள்ளையார் சந்நிதியில் தோப்புக்கரணம் போடுகிறோம். வலக்கை இடக்காதைப் பிடிக்கிறது, இடக்கை வலக்காதைப் பிடிக்கிறது, உட்காருகிறோம், எழுகிறோம். ஓர் அசைவில் இரண்டு எதிர்ச்சொல் இணைகள். "வலது கை, இடது காது" என்று சொல்லிக்கொண்டே போட வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் ஏற்பாடு. பிரகாரத்தை வலம் வரும்போது சுவாமி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பேன். எத்தனை முறை திரும்பினாலும் அவர் நம் வலப்பக்கத்திலேயே இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். பிரசாதம் வாங்க வலக்கை மேலே, இடக்கை அதற்குக் கீழே. சந்நிதியில் ஓடியாடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். குதித்து ஆடும் ஆட்டங்களெல்லாம் மண்டபத்தில்தான், அதுவும் பகலில் நடை சாத்திய பிறகுதான்.

நடை "சாத்திய" பிறகு என்று எழுதினேன் அல்லவா? இங்கேதான் பட்டியல்கள் கைவிட்டுவிடுகின்றன. திற என்பதற்கு எதிர்ச்சொல் மூடு. ஆனால் கோயில் நடையை மூடினார்கள் என்று சொல்லமாட்டோம். விளக்கை ஏற்று என்பதற்கு எதிர்ச்சொல் அணை. ஆனால் சாமி விளக்கை அணை என்று எந்தப் பாட்டியும் சொல்லக் கேட்டதில்லை. "குளிர வை" என்பார்கள், "அமர்த்து" என்பார்கள். தானாக அணைந்தால் "மலையேறிவிட்டது". வா என்பதற்குப் போ. ஆனால் விடைபெறும்போது "போறேன்" என்றால் வீட்டார் மனம் வருந்தும். "போயிட்டு வரேன்" என்கிறோம். இருக்கும் எதிர்ச்சொல்லை வேண்டுமென்றே விலக்கி மங்கலமாகப் பேசும் இவ்வழக்கை நன்னூல் 'மங்கலம்' என்றே பெயரிட்டு வகைப்படுத்தியிருக்கிறது. இதைத் தாளில் கேட்டு மதிப்பெண் போட முடியாது. விளக்குக்குப் பக்கத்தில் நின்று ஒரு மூத்தவர் சொல்லக் கேட்க வேண்டும்.

முன்னே போவதா, பின்னே போவதா?

நான் செய்த இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். நேற்று, நாளை கற்பிக்க ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கண்டபடி, "நேற்று" என்றால் ஓரடி பின்னால், "நாளை" என்றால் ஓரடி முன்னால் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றுவிட்டாள். "டீச்சர், நீங்க 'முன்னொரு காலத்துல' ன்னுதானே கதை சொல்வீங்க? அப்ப பழசுக்கு முன்னாடிதானே போகணும்?"

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவள் சொன்னது முற்றிலும் சரி. தமிழில் கடந்தது முன், வரப்போவது பின். முன்னோர் என்கிறோம், முற்காலம் என்கிறோம், முந்தாநாள் என்கிறோம். பிற்காலம், பின்பு, பிந்தி வந்தவர் என்கிறோம். நான் ஆங்கிலப் புத்தகத்தின் காலை எடுத்துத் தமிழுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். விடை மறுவாரம் அன்னதான வரிசையில் கிடைத்தது. யார் முன்னே வந்தாரோ அவர் முன்னே நிற்கிறார். யார் பின்பு வந்தாரோ அவர் பின்னால் நிற்கிறார். நம் தாத்தா பாட்டியெல்லாம் நமக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள். இப்போது 'முன் – பின்' பாடத்தை வரிசை விட்டுத்தான் நடத்துகிறேன். அடி வைக்கும் ஆட்டத்தை விட்டுவிட்டேன்.

கொடுப்பது – வாங்குவது என்ற இணைக்கு இரண்டு பேர் வேண்டும். ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கைமாற்றிக்கொண்டே "நான் கொடுக்கிறேன்", "நான் வாங்குகிறேன்" என்று சொல்ல வேண்டும். பழம் ஒன்று, செயலும் ஒன்று, பார்க்கும் பக்கம்தான் வேறு. வாங்குவது என்றால் கடையில் காசு கொடுத்து வாங்குவது மட்டுமே என்று நினைக்கும் பிள்ளைகள் "விற்பது" என்பார்கள். அதுவும் தவறில்லை, இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்று ஒருமுறை சொன்னேன். உடனே ஒருவன், அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது அவன் அம்மா இரு கைகளையும் தட்டின் கீழே ஏந்திக் கொடுப்பதாகவும் குருக்கள் மேலிருந்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான். அவனை எழுந்து வந்து செய்துகாட்டச் சொன்னேன்.

எந்தத் தமிழில் ஆடுவது என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். "உக்காரு, எந்திரி" என்பதா, "உட்கார், எழுந்திரு" என்பதா? 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு நல்ல பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. என் அனுபவமும் அதுவே. ஓடும்போது எந்தக் குழந்தையும் எழுத்துத் தமிழில் கத்தாது. ஆட்டம் பேச்சில் நடக்கட்டும். ஆடி முடித்ததும் அதே சொல்லை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். சொல்லைத் திருத்துவதற்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை.

சிவபுராணத்தின் 95 அடிகளையும் தடையின்றி ஓதும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பெற்றோர் பெருமைப்படுவதில் தவறில்லை. மாணிக்கவாசகர் அதில் இறைவனைத் தொலைவில் இருப்பவன், அருகில் இருப்பவன் என்றும், ஒருவன், பலராக இருப்பவன் என்றும் இணை இணையாகப் பாடுகிறார். ஓதும் பிள்ளையிடம் 'சேய்மை' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது, "குழந்தை" என்றான் ஒருவன். சேய் என்பது குழந்தைதானே என்று அவன் வாதம். தப்பென்று சொல்ல முடியாது. மறுநாள் ஒருவனைக் கொடிமரத்தடியிலும் இன்னொருவனை வாசல் கோபுரத்தடியிலும் நிற்க வைத்து, கிட்டே யார், தூரத்தில் யார், அண்மை எது, சேய்மை எது என்று ஓடி ஓடி மாறச் செய்தேன். களைத்து உட்கார்ந்தபின் அவன் கேட்டான்: "ஒரே ஆள் எப்படி டீச்சர் ரெண்டு இடத்துலயும் நிக்க முடியும்?" ஓதத் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் அவன் அந்தப் பாடலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. பதிலை நான் சொல்லவில்லை. ஓதுவாரிடம் அனுப்பி வைத்தேன்.

இவ்வகுப்பிற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. கயிறு, சுண்ணக்கட்டி, பழைய டப்பாக்கள், ஒரு கூடைப் பழம். பற்றாக்குறை மூத்தவர்களுக்குத்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளோடு தமிழில் பேச முன்வரும் தாத்தா பாட்டிமார் இருந்தால் கோயில் அலுவலகத்தில் சொல்லி வைக்கலாம்.

அந்தப் "பழைய" பாட்டியைத்தான் முதலில் அழைத்தேன். மறுவாரமே வந்தார். மண்டபத்தின் ஒரு மூலையில் பழைய செருப்பு, புதிய செருப்பு, பழைய நாள்காட்டி, புதிய நாள்காட்டி என்று பொருள்களை அடுக்கினோம். மறுமூலையில் எல்லோரும் வயதுப்படி வரிசையாக நின்றோம், பாட்டியிலிருந்து நான்கு வயதுக் குழந்தை வரை. ஐந்து வயதுக்காரி தன்னைவிட மூத்தவர்களுக்கு இளையவள், நான்கு வயதுக்காரனுக்கு மூத்தவள். பிறகு இரண்டு சந்நிதிகளுக்கும் போனோம்: பிள்ளையார் மூத்தவர், முருகன் இளையவர். திரும்பி வரும் வழியில் பேரன் பாட்டியின் கையை இழுத்து, "நீங்கதான் மூத்த பாட்டி" என்றான். "அப்படிச் சொல்லு ராசா" என்றார் அவர்.

இப்போது ஒவ்வொரு வாரமும் வருகிறார். சென்ற மாதம் அவரே பிள்ளைகளைக் கேட்டார், பாட்டி என்பதற்கு எதிர்ச்சொல் என்ன என்று. பாதிப் பேர் "தாத்தா" என்றார்கள். அவர் பேரன் மட்டும் எழுந்து நின்று "பேரன்" என்றான். வெண்பலகையில் இரண்டையும் எழுதி வைத்தேன்.